உன் அப்பா தொலைத்த விகுதிகள்

அம்மிணி,

நேற்று போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் பொய் சொன்னேன். "கல்யாணத்துக்கு அப்பறம் எங்க வீட்டுல மலையாளமும் தமிழும் கலந்துதான் இருக்கும். உனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்லையேம்மா?" என்றாய். "எனக்கென்ன வருத்தம் கண்ணு, ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தாச் சரி" என்றேன். போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து இன்னொரு முறை கழுவினேன். வருத்தமா என்று நீ கேட்டதால் இல்லை என்று சொல்ல முடிந்தது. பொறாமையா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. தை பிறந்ததும் திருச்சூரில் உனக்கு இன்னோர் அம்மா கிடைக்கப் போகிறாள். அவள் உன்னிடம் முதன்முதலில் பேசியதை, 'மோளே' என்று இழுக்கிற அந்த இழுப்பு உட்பட, நீ எனக்கு அப்படியே பேசிக் காட்டினாய். என் பேச்சை யாரிடமாவது இப்படிப் பேசிக் காட்டியிருப்பாயா என்றுதான் எனக்குத் தோன்றியது. இந்த வயதில் இப்படி ஒரு நினைப்பா என்று நீ சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே படி. இந்த வருஷம் நம் வீட்டில் நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியையும் தெரிந்துகொண்டு நீ புது வீட்டுக்குப் போவது நல்லது.

சொல்லைப் பிரிக்க உனக்குக் கற்றுக்கொடுத்தது நான். உனக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. கொழிஞ்சாம்பாறையில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்துக்கொண்டிருந்த உன்னை மாலையில் உட்கார வைத்து, பொள்ளாச்சிப் பள்ளிக்கூடத்தில் நான் படித்த பகுபத உறுப்புகளைச் சொல்லிக் கொடுத்தேன். 'வந்தாள்' என்றால் 'வா' பகுதி. அது 'வ' என்று குறுகும். நடுவில் 'த்' வந்து நடந்து முடிந்துவிட்டது என்று சொல்லும். கடைசியில் 'ஆள்' விகுதி நின்று, வந்தது ஒரு பெண் என்று காட்டிக்கொடுக்கும். நீ கண்ணை விரித்துக்கொண்டு, "ஒரு வார்த்தைக்குள்ள இத்தனை பேரு இருக்காங்களா?" என்று கேட்டாய். மறுநாளே அதை உன் அப்பாவிடம் கொண்டு போனாய். அவர் மலையாள மீடியத்தில் படித்தவர். பகுதி விகுதி எல்லாம் அவருக்குத் தெரியாது. ஆனால் விளையாட்டு பிடித்துப்போயிற்று. பைக்கில் உன்னை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போகிற வழியெல்லாம், கடைப் பலகையில் இருக்கும் மலையாளச் சொல் ஒன்றை அவர் சொல்ல, நீ அதைத் துண்டு போடுவாய். நான் வீட்டு வாசலில் நின்று பார்ப்பேன். பைக்கில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. ஹைதராபாத்தில் மொழியியல் படிக்க இடம் கிடைத்தபோது, வந்தவர்களிடமெல்லாம் "எங்கப்பாதான் காரணம்" என்றாய். நான் பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு நீ போனில் சொல்லும் கதைகளுக்காக நாங்கள் இருவரும் காத்திருப்போம். துருக்கிக்காரர்களும் நம்மைப் போலவே ஒட்டிக்கொண்டே போவார்கள் என்று ஒரு நாள் சொன்னாய். வீடு என்றால் 'எவ்', வீடுகள் என்றால் 'எவ்லெர்', வீடுகளில் என்றால் 'எவ்லெர்தெ'. வீடு, கள், இல் என்று நாம் அடுக்குகிற அதே வரிசை. அரபியிலோ வெளியே ஒட்டுவது போதாமல் சொல்லின் வயிற்றுக்குள்ளேயே மாற்றுவார்கள். 'கிதாப்' ஒரு புத்தகம், 'குதுப்' பல புத்தகங்கள். உன் அப்பா "அடி சக்கை" என்று தொடையைத் தட்டினார். போனின் ஸ்பீக்கர் அவர் பக்கம்தான் இருக்கும். உருபன் என்ற சொல்லை நீ சொன்ன அன்று, அதைப் பகுதி விகுதி என்று நான் எப்போதோ படித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் இருவரும் அதற்குள் வேறு எங்கோ போயிருந்தீர்கள்.

போன மார்கழியில் முதலமடை மாந்தோப்பில் பூப் பிடித்திருந்த சமயம், மருந்தடிக்கும் ஆட்களோடு நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பாலக்காட்டு ஆஸ்பத்திரி நாட்கள் உனக்குத் தெரியும், நீயும் இருந்தாய். மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு, வலது கையும் பேச்சும் போயின. நீ ஹைதராபாத்துக்குத் திரும்பும்போது 'தண்ணி', 'வலி' என்று ஒன்றிரண்டு சொல் வந்திருந்தது. அதற்குப் பிறகுதான் வினைகள் வர ஆரம்பித்தன. வந்தவை எல்லாம் மொட்டையாக வந்தன. வா, போ, எடு, தின்னு. தமிழில் அப்படி மொட்டையாக நின்றால் அது கட்டளை ஆகிவிடுகிறது. தோப்பில் கூலிக்கு வரும் சின்னப் பையனைக்கூட "வாங்க, எடுங்க" என்று பேசிய மனுஷன் அவர். என்னிடம்கூட "ஒரு வாய் காப்பி கெடைக்குமா புள்ள?" என்று கேட்டே பழக்கம். பொள்ளாச்சியிலிருந்து உன் பெரிய மாமா பார்க்க வந்தபோது, கட்டிலிலிருந்து அவரைப் பார்த்து "வா. உக்காரு. தின்னு" என்றார். உன் மாமா சிரித்துக்கொண்டு, "சரிங்க மாப்ள, திங்கறேன்" என்று வாழைப்பழத்தை உரித்தார். ஆனால் பாதிப் பழத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். எனக்கு நாள் முழுக்க இதே பேச்சு. "எடு." "மூடு." "போ." நோய்க்காரர் பேச்சு என்று மனதுக்குத் தெரியும். காதுக்குத் தெரியவில்லை. யாரோ ஒரு முதலாளியின் வீட்டில் வேலைக்கு நிற்பது போல இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ராதாமணி வந்தாள். கொல்லங்கோட்டுக்காரி, முதலமடையில் மாங்காய் தரம் பிரிக்கிற ஷெட்டில் பெண்களுக்கெல்லாம் மேஸ்திரி. உன் அப்பாவோடு பல வருஷமாக வேலை செய்தவள். அவள் பெயரைப் போனில்தான் கேட்டிருக்கிறேன். சீசன் வந்தால் அவர் பேச்சில் அவள் பெயர் இல்லாமல் ஒரு நாள் போகாது. அதுவே எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி, ஒரு பை செந்தூர மாம்பழத்தோடு உள்ளே வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சேட்டா, எந்தா விசேஷம்?" என்றாள். மலையாளத்தில் அண்ணனையும் சேட்டன் என்பார்கள், கட்டியவனையும் சேட்டன் என்பார்கள். எந்த அர்த்தத்தில் கூப்பிடுகிறாள் என்று யோசித்துக்கொண்டே நான் காப்பி கலக்கப் போனேன். அடுப்படியில் நிற்கும்போது அவர் குரல் கேட்டது. "மழ பெய்து. பூ கொழிஞ்ஞு. லோரி வந்நோ?" மழை பெய்தது, பூக் கொட்டியது, லாரி வந்ததா. கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. விழுந்த நாளிலிருந்து அவர் வாயில் முழுசாக வந்த முதல் பேச்சு அது. சந்தோஷத்தில் ஓடிப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். நான் ஓடவில்லை. என்னிடம் வராத பேச்சு அவளிடம் வந்துவிட்டதே என்று, பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வந்தாள். சனிக்கிழமை மாலையே உன் அப்பா "சட்ட, சட்ட" என்று ஆரம்பிப்பார். மறுநாள் நான் தேய்த்த சட்டையை மாட்டிவிடுவேன். அவளும் அவரும் பேசுவார்கள். அவர் பேசுவது குறைவுதான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முழு வாக்கியம். எனக்கு மலையாளம் ரேஷன் கடை அளவுக்குத்தான் தெரியும். கேரளத்தில் இருந்தாலும் நம் எருத்தேன்பதியில் தமிழ் போதும்; பஞ்சாயத்து ஆபீஸ் வேலைகளை எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். ஆகவே என் வீட்டுக் கூடத்தில் என் புருஷன் பேசுவதை நான் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் வாசல்படியில் நின்று கேட்டேன். அவள் போனதும் அவர் என் பக்கம் திரும்பி, "எடு" என்பார். எதை எடுக்க வேண்டும் என்பதைக்கூடச் சொல்ல மாட்டார். பங்குனியில் ஒரு நாள் எனக்குத் தாங்கவில்லை. அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் கேட்டுக்கு வெளியே போய் நின்றேன்.

"ராதாமணி, இனிமே நீ வர வேண்டாம்."

"எந்தா சேச்சி? சேட்டனுக்கு சுகமில்லயா?"

"அவருக்கு நல்லாத்தான் இருக்குது. நீ வந்துட்டுப் போனா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்ல. எல்லாம் உங்கிட்டயே தீந்து போயிருது."

அவள் முகம் சிவந்தது.  "செரி சேச்சி. ஞான் இனி வருந்நில்ல" என்றாள். கொண்டுவந்த பையை மதில்மேல் வைத்துவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போனாள்.

உள்ளே வந்தேன். உன் அப்பா தேய்த்த சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போ?" என்றார். "எங்கீங்க போறது?" என்றேன். "போ... போ?" கேட்டுப் பக்கம் கையைக் காட்டினார். நான் துணி மடிக்கப் போனேன். அவர் விடவில்லை. குரல் ஏறிக்கொண்டே வந்தது. எனக்கும் ஏறியது. "அவளைப் போகச் சொன்னதுக்கு என்னைப் போகச் சொல்றீங்களா? சரி, போறனுங்க" என்று சொல்லி, பக்கத்து வீட்டு உன் அத்தையைக் கூப்பிட்டு அவரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் இடது கையால் நாற்காலியை அடித்து அடித்துக் கத்தினார். "போ! போ! போ!" தெரு முழுக்கக் கேட்டிருக்கும். பொள்ளாச்சி பஸ் ஏறும்வரை அந்தச் சத்தம் என் காதிலேயே இருந்தது.

மாமா வீட்டில் நான் இருப்பது தெரிந்து நீ கூப்பிட்டாய். நான் அழுதுகொண்டே, உன் அப்பா என்னைப் போகச் சொல்லிவிட்டார் என்றேன். நீ ஆறுதல் எதுவும் சொல்லாமல் கேள்வி கேட்டாய். அது எனக்குக் கோபமாக இருந்தது. "அப்பா எந்தப் பக்கம் பாத்தாரு? எப்படி இழுத்தாரு? கடைசியில குரல் மேல போச்சா, கீழ போச்சா?" எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாய். பிறகு சொன்னாய்: "அம்மா, அப்பா சொல்ற 'போ' கட்டளை இல்ல. அதோட விகுதி விழுந்து போச்சு, அவ்வளவுதான். அப்பாவுக்குச் சொல்லு கெடைக்குது, ஒட்ட முடியல. ராதாமணி போயிட்டாங்களான்னு கேட்டிருக்காரு." மலையாளம் மட்டும் எப்படி முழுசாக வருகிறது என்று கேட்டேன். "நான் வந்தாலும், நீ வந்தாலும், ஊரே வந்தாலும் மலையாளத்துல 'வந்நு' ஒண்ணுதான். ஆளைக் காட்டுற விகுதிய அந்த மொழி எப்பவோ விட்டுருச்சு. தமிழ்ல ஆளுக்கொண்ணு ஒட்டணும். வந்தேன், வந்தே, வந்தாரு, வந்தாங்க. அந்த ஒட்டுற எடத்துலதான் அப்பாவுக்கு அடி பட்டிருக்குன்னு நினைக்கிறேன். அவங்க மேல இருக்கற பாசத்துனால இல்லம்மா. அந்த மொழியில சொமை கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்."

நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும் அம்மிணி, அந்த நிம்மதிக்கு உள்ளேயே ஒரு முள் இருந்தது. நான் அவர் வாய் துடைத்து, கால் பிடித்து, கூடவே இருக்கிறேன். ஹைதராபாத்தில் இருந்துகொண்டு நீ அவரை என்னைவிட நன்றாகக் கேட்டுவிட்டாய். அதுவும் நான் கற்றுக்கொடுத்த பாடத்தை வைத்து. பகுதி நின்றது, விகுதி போயிற்று. பள்ளிக்கூடத்தில் ஒப்பித்த பாடம் என் வீட்டுக் கட்டிலிலேயே படுத்திருந்தது. நான் அந்த நேரத்தில் ராதாமணியின் சேலைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறாமல், கொல்லங்கோடு போகும் பஸ்ஸில் ஏறினேன். அவளை நான்தான் நிறுத்தினேன், நான்தான் கூப்பிட வேண்டும். கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில் பஸ் நின்றது. ஜன்னல் வழியாக, ஒரு சின்னப் பிள்ளை இறங்கி ஓடப் பார்ப்பது தெரிந்தது; அதன் அம்மா "போகாதே, போகாதே" என்று கத்துவது கேட்டது.  போகாதே. அதில் பகுதி எது? போ. வேண்டாம் என்பது எங்கே இருக்கிறது? வாலில் இருக்கிறது. வாலை வெட்டிவிட்டால் 'போ' என்றுதான் கேட்கும். முதலில் அவர் கேட்டது ராதாமணியைப் பற்றி இருக்கலாம். ஆனால் நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது நாற்காலியை அடித்து அடித்துக் கத்தினாரே, அது எது? இதை நீ சொல்லவில்லை அம்மிணி. உனக்கு அதைக் கேட்கத் தோன்றவும் இல்லை. இதைக் கண்டுபிடித்தது நான். பஸ் கிளம்பியது. இறங்கி வீட்டுக்கு ஓட வேண்டும் போலிருந்தது, ஆனால் இருபக்கமும் மாந்தோப்பு, வண்டி ஒன்றும் இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முதலமடைவரை உட்கார்ந்திருந்தேன்.

ஷெட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாங்காய்ப் பாலின் நெடி மூக்கை அரித்தது. ராதாமணி லாரிக்குப் பக்கத்தில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். வா என்று சொல்லவில்லை. நானே போனேன். "நீ மறுபடியும் வரணும்" என்றேன். அவள் கையில் பிசின் ஒட்டியிருந்ததைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "சேச்சி என்னெ கேட்டிலே நிறுத்திப் பறஞ்ஞில்லே. வீட்டுக்குள்ள விளிச்சு, இருத்திப் பறஞ்சிருந்தா எனிக்கு விஷமம் ஆகாது. ஞான் எந்தோ தெற்று செய்த மாதிரி..."  ஏதோ தப்புச் செய்தவளைப் போல வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டாயே, உள்ளே உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாமே என்று அவளுக்கு வருத்தம். "தப்புத்தான்" என்றேன். பிறகு, கேட்கவே கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்ததைக் கேட்டேவிட்டேன். "உங்கிட்டப் பேசும்போது, என்னைப் பத்தி எதாவது சொல்லுவாரா?" அவள் நிஜமாகவே யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள் என்று அப்போதுதான் தெரிந்தது. "இல்ல சேச்சி. மாங்ஙா, மருந்நு, லோரி. அத்ரேயுள்ளு." அவ்வளவுதான் என்றாள். எனக்கு ஒரு கண்ணில் அழுகையும் ஒரு கண்ணில் சிரிப்புமாக வந்தது. அவளிடம் பேசுவது வெறும் லாரிதான் என்பதில் ஒரு நிம்மதி. என் பெயர் ஒரு தடவைகூட வரவில்லையே என்பதில் ஒரு எரிச்சல்.

"வா, இப்பவே போலாம்" என்றேன். "லோடு கேற்றணும் சேச்சி" என்று முனகினாள். ஆனால் என் முகத்தில் எதைப் பார்த்தாளோ, ஒருத்தியிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். "கேறிக்கோ. பிடிச்சிரிக்கணும்." நான் ஸ்கூட்டரில் யார் பின்னாலும் உட்கார்ந்ததில்லை. அந்தப் பனைமரச் சாலையில், எவள் மேல் வயிறெரிந்தேனோ அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவளிடம் ஷெட்டின் புளிப்பு வாசனையும் தேங்காய் எண்ணெய் வாசனையும் அடித்தன. சீசன் காலத்தில் உன் அப்பாவின் சட்டையிலும் அதே புளிப்பு வரும்.

உன் அத்தை கேட்டைத் திறந்து, "நேத்துப் பூராவும் சோறு எறங்கலை அண்ணனுக்கு" என்றாள். அவர் நாற்காலியில்தான் இருந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பையைக்கூட வைக்காமல் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். "ஏனுங்க, நான் கெளம்பறப்போ கத்துனீங்களே. போயிருன்னு சொன்னீங்களா?" தலையை வேகமாக ஆட்டினார், இல்லை என்று. "போகாதேன்னு சொன்னீங்களா?" அவர் வாய் கோணியது. உதட்டைக் கூட்டிக்கூட்டிப் பார்த்தார். 'போ' வந்தது. அதற்குப் பின்னால் வர வேண்டியது வரவில்லை. நெற்றி நரம்பு புடைத்தது. ராதாமணி எனக்குப் பின்னால் நின்றுகொண்டு மெதுவாக, "பறயூ சேட்டா" என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "போ" என்றார். மூச்சு விட்டார். "வேண்டா" என்றார். ஒட்ட முடியாததை இரண்டு தனிச் சொல்லாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அழும்போதும், அந்த 'வேண்டா'வை மலையாளத்தில் சொல்லிவிட்டாரே என்று ஒரு மூலையில் தோன்றியது. என் குணம் அது.

அதற்குப் பிறகு ராதாமணி வழக்கம்போல வந்தாள். நான் அடுப்படியில் நிற்காமல் மூன்றாவது நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மற்ற நாட்களில் நானே மலையாளம் பேச ஆரம்பித்தேன். கடைக்குப் போய் வந்ததும் அவர் முன்னால் நின்று, "ஞான் வந்நேன்" என்பேன். அவர் முகம் சுளிப்பார். "'ஏன்' வேண்டா. வந்நு" என்பார். என் தமிழ் விகுதியைப் பிடித்து அறுத்துப்போடுவதில் அந்த மனுஷனுக்கு எவ்வளவு சந்தோஷம்! நான் வேண்டுமென்றே தப்பாகப் பேசுவேன், அவர் திருத்துவார். புரட்டாசியில் ஒரு நாள் மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் நான் நனைந்துகொண்டு உள்ளே வந்தபோது, அவரே தமிழில் சொன்னார்: "நீ வந்தான்." நீ, வந்தான். விகுதி தப்பு. ஆனால் விகுதி. நான் ஈரச் சேலையோடு நின்று, "ஆமாங்க, வந்தான்" என்றேன். உனக்கு உடனே போன் செய்யவில்லை. அன்று ஒரு நாள் அது எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். மறுநாள்தான் சொன்னேன், நீயும் "அய்யோ அம்மா" என்று கத்தினாய்.

இதெல்லாம் சொல்வது, பொறாமை போய்விடும் என்று உனக்கு நம்பிக்கை கொடுப்பதற்காக அல்ல. எனக்குப் போகவில்லை. இப்போதும் ராதாமணி ஒரு வார்த்தை சொல்லி அவர் சிரித்தால், என்ன சொன்னாள் என்று நான் கேட்காமல் இருப்பதில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். உனக்கும் வரும். ஒரு நாள் மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் சாப்பாட்டு மேசையில் வேகமாக ஏதோ பேசிச் சிரிப்பார்கள். இத்தனை மொழியைப் பிரித்துப் படித்த உனக்கே அந்தச் சிரிப்பு புரியாமல் போகும். அப்போது எழுந்து அடுப்படிக்குப் போகாதே. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்ன சொன்னீர்கள் என்று கேள். அவன் கோபத்தில் ஏதாவது மொட்டையாகச் சொன்னால், அதற்குப் பின்னால் வர வேண்டியது எது என்று ஒரு ராத்திரி பொறுத்து யோசி. யாரையும் கேட்டில் நிறுத்திப் பேசாதே. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சண்டை போடு. உன் மாமியாரை 'அம்மே' என்று வாய் நிறையக் கூப்பிடு. நான் கேட்கிற தூரத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாகக் கூப்பிடு.

இப்போது எனக்காக ஒன்று கேட்கிறேன். கல்யாணத்துக்கு முந்தின வாரமே வந்துவிடு, தனியாக வா. மாப்பிள்ளை வேண்டாம், சிநேகிதிகளும் வேண்டாம். அந்த வாரத்தில் அப்பா பேசுவதைப் பதிவு செய்கிறேன், ஆராய்ச்சிக்கு ஆகும் என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கம் போய் உட்காராதே. அதற்குக் கல்யாணத்துக்கு அப்புறம் ஆயுசு முழுக்க நேரம் இருக்கிறது. அந்த ஒரு வாரம் என்னோடு இரு. நான் பேசுகிறேன், நீ கேள். உன் அப்பா இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். இந்தக் காகிதத்தில் அவரும் ஒரு வரி எழுத வேண்டுமாம், இடது கையை நீட்டிக்கொண்டு பேனாவைக் கேட்கிறார். கொடுக்கவில்லை. அவருக்கு வேறு காகிதம் தருவேன். இது நான் உனக்கு எழுதுவது.

அம்மா